உயிர் காக்கும் குழாயும் தூய கைகளும்

பெரியபட்டினத்தில் ஒருவர் நோயுற்று இராமநாதபுரத்திலோ மதுரையிலோ மருத்துவமனையில் படுத்துவிட்டால், சமய வேறுபாடின்றி ஊரார் வேன் பிடித்துப் பார்க்கச் செல்வர். இவ்வன்பு போற்றத்தக்கதே. ஆயினும் நோயாளியின் கழுத்தில் குழாய் செருகப்பட்டிருக்குமாயின், அன்போடு எச்சரிக்கையும் வேண்டும்.

தீவிர சிகிச்சைக்கும் டயாலிசிஸுக்கும் கழுத்திலோ தொடையிலோ உள்ள பெரிய இரத்தநாளத்தில் குழாய் செருகுவர். உயிர் காக்கும் அக்குழாயே, தூய்மை தவறின், கிருமிகள் நேரே இரத்தத்தில் புகும் வாயிலாகிவிடும். நமக்கு அறிமுகமான மீனவர் ஒருவருக்கு டயாலிசிஸ் தொடங்கியதும் உடல் நடுங்கிக் குளிர்காய்ச்சல் கண்டது. அவர் மனைவி அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடாமல் உடனே செவிலியரிடம் கூறினார். இரத்தத்தைச் சோதித்துக் குழாயை அகற்றினர், மனிதர் பிழைத்தார்.

இத்தொற்றைத் தடுக்க இயலுமா? இயலும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் மருத்துவர் பீட்டர் புரோனோவோஸ்ட் 2001-இல் ஐந்து எளிய செயல்களைப் பட்டியலிட்டார்: கை கழுவுதல், குளோர்ஹெக்ஸிடின் மருந்தால் தோலைத் துடைத்தல், குழாய் செருகுவோர் கையுறை, முகமூடி, அங்கி அணிந்து, நோயாளியைத் தூய துணியால் முழுதும் மூடுதல், இயன்றவரை தொடையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை அகற்றுதல். மிச்சிகன் மாநிலத்தில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் அனுபவம் 2006-இல் வெளியாயிற்று. இம்முறையைக் கைக்கொண்ட மூன்றே மாதத்தில், அவற்றுள் பாதிக்குக் குறையாத பிரிவுகளில் இத்தொற்றே இல்லாமற்போயிற்று! புதிய மருந்தோ விலையுயர்ந்த கருவியோ அல்ல, ஒழுங்கே இதனைச் சாதித்தது.

குடும்பத்தாருக்கும் இதில் பங்குண்டு. கைகளைச் சோப்பிட்டுக் கழுவாமல் நோயாளியைத் தொடலாகாது. குழாயையும் அதன் கட்டையும் நாமாகத் தொடவே கூடாது. டயாலிசிஸ் குழாயோடு வீடு திரும்பியவர் கட்டை நனைக்கலாகாது. கடலில் இறங்குவதும் ஆகாது. கட்டு நனைந்தாலோ, கழன்றாலோ, குளிர்காய்ச்சல் கண்டாலோ, மறுநாள் பார்ப்போம் என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் இருக்கையில், "ஐயா, இக்குழாய் இன்னும் தேவைதானா?" என்று மருத்துவரைப் பணிவுடன் நாள்தோறும் கேட்பதும் தவறன்று.

நோயிற்பூசுதல் வழங்கச் செல்லும் நாமும் கைகழுவிய பின்னரே நோயாளியின் நெற்றியைத் தொடுகிறோம். புனித எண்ணெய் ஏந்தும் கைக்கும் இவ்விதியில் விலக்கில்லை. நோயுற்றோரைக் காணச் செல்லும் அன்பர்களே, கூடை நிறையப் பழங்கள் கொண்டு செல்லுமுன், கழுவிய கைகளைக் கொண்டு செல்லுங்கள்.