தீப்பெட்டியில் வந்த கடல் நத்தை

விருதுநகர்வாசிகளுக்கும் சமுத்திரத்துக்கும் உள்ள சம்பந்தம் வெகு சொற்பம். 1985-ஆம் ஆண்டு வரையில் நாமும் பழைய இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தவர்களாக இருந்தபடியால், பாம்பனும் மண்டபமும் நமக்கும் சொந்தம் என்று காகிதத்திலாவது பெருமை பேச இடமிருந்தது. அந்த வருஷம் ஜில்லாவைப் பிரித்தபோது கடல் முழுவதும் மற்றவர் பங்குக்குப் போய்விட்டது. நமக்குக் கரிசல் மண்ணும், மிளகாய் வற்றல் மண்டிகளும், சிவகாசித் தீப்பெட்டியும் மிஞ்சின. இப்படிப்பட்ட பிரதேசத்தில் கடற்பிராணிகளைப் பற்றிப் பாடம் சொல்லுகிற உபாத்தியாயரின் நிலைமையை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம். பாடப் புஸ்தகத்துப் படமே கடல். அலமாரியில் இருக்கும் ஓடுகளே கடற்கரை.

நமது பள்ளிக்கூடத்து அலமாரியில் ஒரு கண்ணாடிப் புட்டி உண்டு. அதில் பத்துப் பன்னிரண்டு சிறிய நத்தை ஓடுகள் இருக்கின்றன. "லிட்டோரினா லிட்டோரியா - கன்யாகுமரி" என்று மேலே சீட்டு ஒட்டியிருக்கும். அந்தக் கையெழுத்து நம்முடையதுதான். பதினைந்து வருஷங்களுக்கு முன், உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், சுற்றுலாப் போனபோது பொறுக்கி வந்த ஓடுகளை ஓர் ஆங்கிலப் புஸ்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து வெகு உற்சாகமாக எழுதி ஒட்டினோம். அதன் பிறகு அதை யாரும் சந்தேகிக்கவில்லை, நாமும் சந்தேகிக்கவில்லை.

சென்ற மாசி மாதத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தீப்பெட்டி ஆபீஸில் கூலி வேலை செய்யும் ஒரு தாயாரின் மகள், புட்டியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார், படத்திலே கறுப்பா, தடியா இருக்கு. இதிலே நெளிநெளியாக் கோடு போட்டிருக்கே. ரெண்டும் ஒண்ணுதானா?" என்று கேட்டாள்.

"பார்த்துச் சொல்கிறேன்" என்று அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்து நூல்களைப் புரட்டியபோது நமக்கு வியர்த்துவிட்டது. லிட்டோரினா லிட்டோரியா என்பது வட அட்லாண்டிக் கரைகளில் வாழும் ஜந்து. இங்கிலாந்து தேசத்தார் அதை வேகவைத்து, குண்டூசியால் குத்தி இழுத்துச் சாப்பிடுகிறார்கள். 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட பிராணிதான். ஆனால் அது நம் கரையில் வசிப்பதே இல்லை. பதினைந்து வருஷம், வருஷத்துக்கு எத்தனை பிள்ளைகள்! அத்தனை பேருக்கும் நமது பாறையில் இல்லாத பிராணியின் பெயரைச் சொல்லி, நமது பாறையில் இருப்பதன் பெயரைச் சொல்லாமலே விட்டிருக்கிறோம். பொய்யைக் கற்பித்தவன் அதைத் திருத்தாமல் இருப்பதற்கு நியாயம் ஏது? ஆறு மாணாக்கர்களும், துணைக்கு இரண்டு தாய்மார்களுமாகக் கன்யாகுமரிக்கு ரயில் ஏறினோம். கேள்வி கேட்ட பெண்ணும் அவள் தாயாரும் அதில் சேர்த்தி.

வழியில் ஒரு பையன் தன் அகராதியைக் காட்டினான். அந்த நத்தையை ஆங்கிலத்தில் 'பெரிவிங்கிள்' என்பார்கள் என்று சொல்லியிருந்தோம். அகராதியிலோ அதற்கு நேரே 'நித்திய கல்யாணி' என்று இருந்தது! ஆங்கிலத்தில் பூவுக்கும் நத்தைக்கும் ஒரே பெயர். "சார், நாம செடி பார்க்கவா போறோம்?" என்று அவன் கேட்டதில் வண்டியே சிரித்தது. சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி எல்லாம் சிரிப்பிலேயே கடந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வந்ததும் காற்றின் குணமே மாறிவிட்டது.

கன்யாகுமரிக்கு வருகிறவர்கள் சூரியோதயத்தையும், விவேகானந்தர் பாறையையும், 2000-ஆம் ஆண்டில் திறந்த 133 அடி வள்ளுவர் சிலையையும் பார்ப்பார்கள். நமது கோஷ்டியோ அவ்வளவுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, கரைப் பாறைகளின் மீது குனிந்து உட்கார்ந்திருந்தது. கூடையோடு போன ஒரு மீன்காரப் பெண்மணி நின்று, "என்னத்த தொலைச்சிட்டீங்க?" என்று விசாரித்தாள். காட்டினோம். "இதுவா? இது ஊரி. கறிக்கு ஆகாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஊரி என்பது பொதுப்பெயர். எந்த ஊரி என்பதல்லவா கேள்வி? முதலில் பார்க்க வேண்டியது ஓட்டை அல்ல, இடத்தை. அங்கே கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அந்தக் குறுகிய அளவுக்குள்ளேயே பாறையில் ஜாதி ஜாதியாகக் குடியிருப்பு. நீர்மட்டத்தருகே பாசி, அதற்கு மேலே சுண்ணாம்புப் பருக்களைப் போல் ஒட்டிய கொட்டலசுகள், அதற்கும் மேலே, அலை எட்டாமல் அதன் திவலை மட்டும் தெறிக்கிற வறண்ட பாறையில் நமது நத்தைகள். கடற்பிராணியாகப் பிறந்தும் கடலை விட்டு எவ்வளவு விலகலாமோ அவ்வளவு விலகி வாழ்வது இந்தக் குடும்பத்தின் சுபாவம்.

அதே உயரத்தில் இன்னொரு நத்தையும் இருந்து மோசம் செய்யும். அதற்கு நெரைட்டா என்று பெயர். திருப்பி வாயைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நெரைட்டாவின் வாய் அரைவட்டமாக, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அதன் மூடி சுண்ணாம்புக் கல்லைப் போலக் கெட்டி. நாம் தேடுகிற நத்தைக்கு வாய் வட்டம். மூடி மெல்லிய கொம்புத்தகடு. ஓட்டின் உட்புறத்தில் முத்துப் பளபளப்பு கிடையாது. பிள்ளைகள் கால் மணி நேரத்தில் இதை நம்மைவிட வேகமாகச் செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

இப்படிப் பிரித்தெடுத்ததில் இரண்டு வகை கிடைத்தன. ஒன்று மிளகைவிடச் சற்றுப் பெரியது. உடம்பெல்லாம் மணி கோத்தாற்போல் முடிச்சுகள். இது எக்கினோலிட்டோரினா இனம். மற்றொன்று பெரிய சுண்டைக்காய் அளவு; முடிச்சு இல்லை, நுண்ணிய வரிப்பள்ளங்கள் மட்டும்; சாம்பல் அல்லது மஞ்சள் நிறத்தின் மீது பழுப்பு நிறத்தில் நெளிநெளியான கோடுகள். அந்தப் பெண் பூதக்கண்ணாடியைக் கீழே வைக்காமலே, "நம்ம புட்டியிலே இருக்கிறது இதுதான் சார்" என்றாள். இதற்கு லிட்டரேரியா அண்டுலேட்டா என்று பெயர். இரண்டாவது பதத்துக்கு 'அலை அலையானது' என்றே அர்த்தம். 1839-இல் கிரே என்பவர் வைத்த பெயர் அது. இதன் சுற்றத்தார் பெரும்பாலும் மரத்தை நம்பி வாழ்கிறவர்கள். பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டு மரங்களில் ஏறியிருக்கும் லிட்டரேரியா ஸ்காப்ரா நமக்குத் தெரிந்த உதாரணம். இதுவோ பாறையை நாடி வந்தது.

முடிச்சு நத்தைக்கு இனப்பெயரோடு நிறுத்திக்கொண்டோம். ஓட்டை மட்டும் பார்த்துச் சாதிக்கக் கூடாது என்பதற்கு ஐரோப்பாவிலேயே ஒரு கதை உண்டு. லிட்டோரினா ஸாக்ஸாடிலிஸ் என்ற ஒரே நத்தை, இடத்துக்கு இடம் ஓடு வேறுபட்டதால், நூறு தடவைக்கு மேல் புதிய பிராணி என்று பெயர் சூட்டப்பட்டிருக்கிறது! அதே சமயம் அதைப்போலவே ஓடு உள்ள லிட்டோரினா ஆர்க்கானா என்பது வேறு ஜாதி. முன்னது குஞ்சு பொரிக்கும், பின்னது முட்டையிடும். லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தைச் சேர்ந்த டேவிட் ரீட் 1986-இல் சதுப்புக்காட்டு நத்தைகளையும், 2007-இல் முடிச்சு நத்தைகளையும் ஒழுங்குபடுத்தியபோது, ஓட்டோடு நில்லாமல் உள்ளுறுப்புகளையும், நாவிலுள்ள பல் வரிசையையும் பார்த்தே தீர்மானித்தார். பூதக்கண்ணாடி மட்டும் வைத்திருக்கும் நமக்கு அடக்கமே அழகு.

வெயில் ஏறியதும் பாறை காலைச் சுட்டது. நத்தைகள் பாதத்தை உள்ளே இழுத்து, மூடியைச் சாத்தி, ஓட்டின் விளிம்பை மட்டும் உலர்ந்த கோழையினால் பாறையில் ஒட்டித் தொங்கின. சூடு உள்ளே ஏறாமல் இருக்க அது செய்யும் உபாயம் இது. சுட்ட பாறையை முடிந்தவரை தொடாமல் இருப்பதைக் கண்டு, நமது பெண்ணின் தாயார், "புத்திசாலிதான்" என்று மெச்சினாள்.

ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்து அந்தப் பெண் தயங்கித் தயங்கி ஒரு தீப்பெட்டியை நீட்டினாள். தெரியாமல் நெளிகோட்டு நத்தை ஒன்றை அதில் போட்டுவிட்டாளாம். பையில் கிடந்ததை அன்றுதான் கண்டாளாம். "செத்துப்போச்சா சார்?" என்று கேட்கையில் கண் கலங்கியிருந்தது. புட்டியில் கொண்டு வந்திருந்த கடல் நீரைத் தட்டில் ஊற்றி நத்தையை வைத்தோம். ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு மூடி சிறிது விலகியது. இரண்டு நுண்ணிய கொம்புகள் எட்டிப் பார்த்தன. வகுப்பு முழுவதும் கூச்சலிட்டது.

மறுநாள் காலையில் பார்த்தால் தட்டில் நத்தையைக் காணோம். தண்ணீரை விட்டு ஏறி, மேஜையைக் கடந்து, சுவரில் ஒரு முழ உயரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வாரமே கன்யாகுமரிக்குப் புறப்பட்ட நண்பர் ஒருவரிடம் அதைத் தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினோம். பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிய சீட்டை எழுதும் வேலையை அந்தப் பெண்ணிடமே விட்டோம். "லிட்டரேரியா அண்டுலேட்டா, கன்யாகுமரி" என்று எழுதி, நம்மைக் கேளாமலே அதன் கீழ் "ஊரி" என்றும் எழுதியிருக்கிறாள்.