நோயாளியின் அருகில் இருப்பவர்

நோயுற்றவரை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்கு ஆற்ற வேண்டிய கடமைகளுள் ஒன்று. அக்கடமையில் நம் மக்கள் குறை வைப்பதில்லை. பழம் வாங்கிச் செல்கிறோம், துஆச் செய்கிறோம், ஆறுதல் கூறித் திரும்புகிறோம். ஆனால், கட்டிலின் அருகே இரவும் பகலும் நிற்கும் மனைவியை, மகளை, மருமகளை நலம் விசாரிப்பவர் யார்? வந்தவர்களுக்குத் தேநீர் தயாரிக்கும் வேலையும் அவர்கள் தலையிலேயே விழுகிறது.

திருச்சி பாலக்கரையில் என் அக்கா, தொண்டையில் புற்று வந்த எங்கள் அத்தாவை ஏழு மாதங்கள் பராமரித்தார். குழாய் வழியே கஞ்சி செலுத்துவது, புண்ணைத் துடைப்பது, இரவெல்லாம் விழித்திருப்பது யாவும் அவர் பொறுப்பு. உறவினரிடமிருந்து பணம் வந்தது. கண் விழிக்க மாற்றாள் வரவில்லை.

மருத்துவமனையின் சமூகப் பணியாளரான ஒரு பெண்மணி ஒருநாள் அக்காவைத் தனியே அமர்த்தி, "நேற்று எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள், அம்மா?" என்று கேட்டார். அக்கா அழுதுவிட்டார். அதுவரை எவரும் கேட்டிராத கேள்வி அது. அழுகை ஓயும்வரை காத்திருந்த அப்பெண்மணி, உறவினருள் யார் எந்த இரவு வர இயலும் என்று கேட்டு ஒரு முறை வகுத்தார். மருத்துவர் கூறியதை எளிய தமிழில் மீண்டும் விளக்கினார். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்கு வேண்டிய தாள்களைச் சேர்க்க உதவினார். சிகிச்சைக்காக ரயிலில் செல்லும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியில் கட்டணமில்லை, உடன் செல்பவருக்கு 75 விழுக்காடு சலுகை என்பதையும் அவர் சொல்லியே அறிந்தோம்.

வாரம் ஒருமுறை நோயாளிகளின் குடும்பத்தினரை அவர் ஒன்றாக அமர்த்திப் பேசவைப்பார். ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ஒரு பெரியவர் அங்கு வருவார். மனைவிக்கு மார்புப் புற்று. முதுமையில்தான் முதன்முதலாக அடுப்பங்கரைக்குள் நுழைந்தவர். அவருக்கு அக்கா கஞ்சியின் பக்குவம் சொன்னார்; மருந்து வேளைகளை நோட்டில் குறிக்கும் முறையை அவர் அக்காவுக்குக் கற்பித்தார். "சில வேளை அவள்மேலேயே கோபம் வருகிறதம்மா, பிறகு அழுகை வருகிறது" என்று அவர் கூறியபோது, தமக்கும் அப்படித்தான் என்று அக்கா முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னாராம். அத்தா மௌத்தாகி, கத்தம் ஓதி முடிந்து, உறவினர் கலைந்த பின்னரும் அப்பெண்மணி இருமுறை வீடு வந்து அக்காவைப் பார்த்துச் சென்றார்.

இப்பணி புதிதன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர் ரிச்சர்டு காபட், வீட்டு நிலையை அறியாமல் தரும் மருந்து முழுப்பயன் தராதென்று கண்டு, 1905-இல் தம் மருத்துவமனையில் சமூகப் பணியாளரை அமர்த்தினார். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், மருத்துவராகுமுன் மருத்துவமனைச் சமூகப் பணியாளராக இருந்தவர். அண்டையிலுள்ள மலப்புறத்திலோ, பயிற்சி பெற்ற ஊர்மக்களே தீராநோயாளிகளின் வீடு தேடிச் செல்கின்றனர். வறிய குடும்பத்துக்கு அரிசியும், பிள்ளைகளின் படிப்புக்கு உதவியும் அளிக்கின்றனர்.

நமக்கோ இதைவிடப் பெரிய முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 2-இல் பத்ருப் போர் நிகழ்ந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகளார் ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். கணவர் உஸ்மான் (ரலி) அவர்களை மனைவியின் அருகிலேயே இருக்குமாறு நபிகளார் பணித்தார்கள். போரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும் பங்கும் அவருக்கு உண்டென்றும் அறிவித்தார்கள். நோயாளிக்குப் பணிவிடை செய்தவர் பத்ருப் படையினருள் ஒருவராக எண்ணப்பட்டார்!

அத்தகைய பணியைச் செய்வோரைத் தனியே விடலாமா? ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் தன் எல்லைக்குள் நீண்ட நோயாளி உள்ள வீடுகளைக் கணக்கெடுக்கட்டும். சமூகப்பணிப் படிப்புள்ள பிஷப் ஹீபர் கல்லூரி நம் நகரிலேயே இருக்கிறது. அங்குள்ளோரை அழைத்து நம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி தரச் சொல்லலாம். வாரத்தில் ஓர் இரவு ஒருவர் சென்று அமர்ந்தால், அவ்வீட்டுப் பெண் ஒருத்தி விடியும்வரை உறங்குவாள். அதுவும் ஒரு சதகாவே.