குறும்பியின் குறும்பு

கண்ணுக்கு இமை கொடுத்த பகவான் காதுக்குக் கதவு கொடுக்கவில்லை. பார்க்கப் பிடிக்காததைக் கண்டால் கண்ணை மூடிக் கொள்ளலாம். பேசத் தகாதது நாவில் வந்தால் வாயை மூடிக் கொள்ளலாம். காது மட்டும் இரவு பகலாகத் திறந்தே கிடக்கிறது. இப்படிச் சதா திறந்து கிடக்கும் வாசலுக்கு ஒரு காவற்காரன் வேண்டாமா? வேண்டுமென்றுதான் இயற்கை ஒருவனை நியமித்திருக்கிறது. அவன் பெயர் குறும்பி.

குறும்பி என்பது நல்ல பழைய தமிழ்ச் சொல். அதை எடுக்கும் சிறு கரண்டிக்குக் குறும்பிவாங்கி என்று பெயர். இப்போது நாம் அந்தச் சொல்லை மறந்து, காதழுக்கு என்று சொல்லப் பழகிவிட்டோம். அழுக்கு என்று சொல்வது அந்தக் காவற்காரனுக்குச் செய்யும் அநியாயம். காதுத் துவாரம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு குகை. அதன் வெளிப்புற மூன்றில் ஒரு பாகத்தில் உள்ள சுரப்பிகளே குறும்பியை உண்டாக்குகின்றன. உள்ளே வரும் தூசியையும் சிறு பூச்சியையும் அது ஒட்டிப் பிடித்துக் கொள்கிறது. தோல் உலர்ந்து வெடிக்காமல் காக்கிறது. லேசான புளிப்புத் தன்மை உடையதாகையால் கிருமிகளையும் அண்டவிடுவதில்லை.

வேலை முடிந்த குறும்பி தானாகவே வெளியேறிவிடும். செவிப்பறையிலிருந்து வாசலை நோக்கிக் காதின் தோல், நகம் வளரும் வேகத்தில், மெல்ல மெல்ல நகர்ந்து கொண்டேயிருக்கிறது. நாம் உண்பதும் பேசுவதும் தாடையை அசைத்து அந்த ஊர்வலத்துக்கு உதவி செய்கின்றன. ஆகவே, சாதாரணமாகக் காதைச் சுத்தம் செய்ய நாம் ஒன்றுமே செய்யவேண்டியதில்லை.

குறும்பியில் ஜாதி இரண்டு. ஈரக் குறும்பி ஒன்று. உலர்ந்த குறும்பி மற்றொன்று. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் பெரும்பாலோருக்கு ஈரக் குறும்பி. சீனா, கொரியா, ஜப்பான் தேசங்களில் பெரும்பாலோருக்கு உலர்ந்தது. நம் நாட்டில் இரு வகையாரும் உண்டு. பரம்பரையாக வரும் ஒரே ஒரு மரபணுவில் உள்ள சிறு மாறுதல்தான் இதைத் தீர்மானிக்கிறது என்று ஜப்பானிய விஞ்ஞானிகள் 2006-ஆம் ஆண்டில் கண்டு சொன்னார்கள்.

காவற்காரனுக்கு வெளியே போக வழியில்லாமற் போனால் என்ன ஆகும் என்பதற்குத் திமிங்கிலம் சாட்சி. அதன் காது வெளிப்புறம் அடைபட்டிருப்பதால், ஆயுள் முழுவதும் குறும்பி உள்ளேயே படிந்து கட்டியாகிறது. ஒரு நீலத் திமிங்கிலத்தின் காதில் இருந்த 25 சென்டிமீட்டர் நீளமான கட்டியை ஆராய்ந்து, மரத்தின் வளையங்களைப் படிப்பதுபோல் அதன் வாழ்க்கைச் சரித்திரத்தைப் படித்து 2013-இல் வெளியிட்டார்கள். கடல் நீரில் கலந்த நச்சு மருந்துகள் முதல் அந்தப் பிராணி பட்ட மனக்கலக்கம் வரையில் அதில் பதிவாகியிருந்தன!

மனிதர்களிலும் சிலருக்கு இந்த அடைப்பு ஏற்படுவதுண்டு. காதுத் துவாரம் குறுகலாயிருப்பது ஒரு காரணம். வயதாக ஆகக் குறும்பி உலர்ந்து இறுகிப் போவது இன்னொரு காரணம். குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கும், பெரியவர்களில் இருபதில் ஒருவருக்கும், முதியோரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கும் இது உண்டு என்று அமெரிக்கக் காது வைத்தியர்கள் 2017-இல் வெளியிட்ட குறிப்பு கூறுகிறது. அந்த இருபதில் ஒருவராக நாமும் சேர்ந்ததைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. எண்ணெய் ஸ்நானம் முடிந்து தலையைத் துவட்டும்போது, வலது காது திடீரென்று சாத்திக் கொண்டது. இடது காதும் பாதி மூடிக் கொண்டது. உள்ளே இருந்த குறும்பி தண்ணீரை உறிஞ்சிப் பருத்துவிட்டால் இப்படி ஆகுமாம். பத்மநாபபுரம் கோட்டைக்குள் குடியிருக்கும் நமக்கு நீலகண்டசுவாமி கோயில் மணியோசைதான் அன்றாடக் கடிகாரம். அன்று மாலை மணி அடித்ததோ இல்லையோ, நமக்குத் தெரியவில்லை.

இந்தச் செவிட்டுத்தனத்தில் ஒரு விசித்திரம் உண்டு. வெளிச் சப்தம் குறைந்துவிடுகிறது. நம்முடைய குரலோ மண்டைக்குள் பானையில் பேசுவதுபோல் பெரிதாகக் கேட்கிறது. ஆகையால் நாம் சத்தம் போடுவதாக எண்ணிக் கொண்டு தணிந்த குரலில் பேசினோம். நம் மனைவியார் “என்ன?” என்றார். அவர் சொன்னது கேட்காமல் நாமும் “என்ன?” என்றோம். இப்படியாக முதல் நாள் முழுவதும் எங்கள் இல்லத்தில் நடந்த சம்பாஷணை பெரும்பாலும் இந்த ஒரு சொல்லாலேயே ஆனது. அதுவரையில் சிரிப்பாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் முதல் சிரிப்பு வரவில்லை. சாப்பிடும்போது குழந்தைகள் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். “என்ன விஷயம்?” என்று கேட்போம். ஒரு தடவை திருப்பிச் சொல்வார்கள். மறுபடியும் கேட்டால், கையை ஆட்டி, “ஒன்றுமில்லை” என்பார்கள். அவர்களிடத்தில் துளியும் துவேஷம் கிடையாது. சிரித்து முடித்த ஒரு சிறு விஷயத்தை மூன்றாம் முறை உரக்கச் சொல்வதற்கு யாருக்குத்தான் மனம் வரும்? ஆனாலும் அந்த “ஒன்றுமில்லை” என்ற சொல் நம்மைச் சபையிலிருந்து எழுப்பி வெளித் திண்ணையில் உட்கார வைத்துவிட்டது. குருடர்களுக்கு வழிவிடுகிற உலகம் காது மந்தமானவர்களிடம் பொறுமை இழந்துவிடுகிறது. வள்ளுவர் கேள்விக்கென்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். கேள்வி அறிவுக்கு மட்டுமல்ல, மனிதர் கூட்டத்தில் ஒருவராக இருப்பதற்கும் வேண்டியிருக்கிறது என்பதை அந்த நாட்களில் தெரிந்து கொண்டோம்.

இதற்கிடையில் மகா சிவராத்திரி வந்தது. நாஞ்சில் நாட்டாருக்கும் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தாருக்கும் சிவாலய ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர் நேயர்களுக்காகச் சொல்லுகிறோம். திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரையில் 12 சிவாலயங்களையும் பக்தர்கள் ஓட்டமும் நடையுமாகச் சென்று தரிசிப்பார்கள். மொத்த தூரம் 100 கிலோமீட்டருக்கு மேல். காவி வேஷ்டியும் கையில் பனையோலை விசிறியுமாக, “கோவிந்தா! கோபாலா!” என்று கோஷித்துக் கொண்டு வருவார்கள். சிவனைக் காண ஓடுகிறவர்கள் திருமாலின் நாமத்தைச் சொல்லிக் கொண்டு ஓடுவது இந்த ஓட்டத்தின் விசேஷம். ஏழாவது கோயில் நம் ஊர் நீலகண்டசுவாமி கோயில்.

அடுத்த தெருவில் வசிக்கும் நம் பெரியம்மை வழக்கம்போல் வாசலில் மோர்ப் பானையோடு உட்கார்ந்திருந்தாள். வயது எண்பதுக்கு மேல். எட்டு வருஷமாகக் காது கேட்பதில்லை. அவள் பக்கத்தில் நாமும் போய் உட்கார்ந்தோம். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் ஓடி வந்தார்கள். அத்தனை வாய்களும் திறந்து திறந்து மூடின; கோஷம் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. நம் முகவாட்டத்தைக் கண்டு பெரியம்மை காரணம் கேட்டாள். காதைக் காட்டி, கையை ஆட்டி, “ஒன்றுமில்லை” என்ற உதட்டசைவையும் செய்து காட்டினோம். அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. காது மந்தமானவர்கள் பேச்சு உரக்கத்தானே இருக்கும்? ஆகவே அவள் சொன்ன பதில் நம் அரைச் செவியிலும் தெளிவாகவே விழுந்தது.

“ஒனக்கு நாலு நாளுதான் மக்கா. எனக்கு எட்டு வருசமா ‘ஒண்ணுமில்ல’தான்.”

சொல்லிவிட்டு அடுத்தவனுக்கு மோர் ஊற்றினாள்.

நிற்க. தக்கலையில் ஒரு காது வைத்தியரிடம் போனோம். அவர் சிறு விளக்குக் குழாயால் உள்ளே பார்த்தார். பிறகு இசைக்கவை ஒன்றைத் தட்டி, அதன் அடியை நம் நெற்றியின் நடுவில் வைத்து, “எந்தக் காதில் கேட்கிறது?” என்று எழுதிக் காட்டினார். என்ன ஆச்சரியம்! அடைத்துப் போன வலது காதில்தான் உரக்கக் கேட்டது. சென்ற நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் வாழ்ந்த வேபர் என்ற ஜெர்மானியரின் பெயரால் வழங்கும் சோதனை இது. வாசலில் அடைப்பு இருந்தால், எலும்பு வழியாக வரும் ஒலி அந்தக் காதிலேயே அதிகம் கேட்கும். நரம்பே பழுதாயிருந்தால், நல்ல காதில் அதிகம் கேட்கும். ஒரு நிமிஷத்தில் இரண்டு வியாதிகளையும் பிரித்துவிடலாம்.

நாலு நாளைக்குச் சோடா உப்புச் சேர்ந்த சொட்டு மருந்து விடச் சொன்னார். மருந்தில் ஊறி அடைப்பு முதலில் இன்னும் அதிகமாகும், பயப்பட வேண்டாம் என்றும் எச்சரித்தார். அப்படியே ஆயிற்று. ஒன்பதாம் நாள், உடம்புச் சூட்டுக்குச் சமமான வெந்நீரை மெல்லப் பீச்சிக் கட்டியை வெளியேற்றினார். கருவி காதின் உட்புறத்தில் பட்டதும் நமக்கு இருமல் வந்தது! தொண்டைக்குப் போகும் நரம்பு ஒன்றின் கிளை காதுக்கும் வருகிறதாம்.

நீரின் சூட்டில் அவர் அத்தனை கவனம் வைத்ததற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த நீரோ கொதிநீரோ பட்டால் தலை சுற்றும். வியன்னா நகரத்து வைத்தியர் ராபர்ட் பாரானி, இவ்வாறு காது கழுவும்போது நோயாளிகளுக்கு ஏற்பட்ட மயக்கத்தைக் கவனித்துத்தான், உடலின் சமநிலையை உட்காது காப்பதைப் பற்றி ஆராய்ந்தார். அதற்காக அவருக்கு 1914-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு கிடைத்தது. அப்போது அவர் ருஷியாவில் யுத்தக் கைதியாக இருந்தார்.

நம் காது திறந்த மறுநாளே பெரியம்மையை அழைத்தோம். “வயசாச்சு, காது போச்சு. இனி என்னத்துக்கு மக்கா?” என்று மறுத்தாள். இரண்டு நாள் மன்றாடிய பிறகு வந்தாள். அவளுடைய இரு காதிலும் கறுத்து இறுகிய கட்டிகள் இருந்தன. அவற்றை எடுத்த பிறகு, அருகில் அமர்ந்து நிதானமாகப் பேசினால் அவளுக்குக் கேட்கிறது. மீதிக் குறை வயதினால் நரம்புக்கு வந்தது. அதற்குக் காது மிஷின்தான் வேண்டும் என்றார் வைத்தியர். பெரியம்மை இன்னும் சம்மதிக்கவில்லை. “அதை வச்சா ஊரில உள்ளவ பேசுற பொறணி எல்லாம் கேக்கணும்லா?” என்கிறாள். ஆனால், ஐந்தாறு வருஷமாகக் கல்யாண வீடுகளுக்குப் போகாதிருந்தவள் சென்ற முகூர்த்தத்தில் போய் வந்தாள்.

முதியவர்களுக்குக் காது மந்தமாவது இயல்பு என்று சும்மா இருந்துவிடலாகாது என்பதே நம் அபிப்பிராயம். மறதி நோயைத் தடுக்கத் தவிர்க்கக்கூடிய காரணங்களில் கேள்விக் குறைவும் ஒன்று என்று லான்செட் வைத்தியப் பத்திரிகை அமைத்த குழு 2020-இல் கூறியிருக்கிறது. பாட்டனாருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், அவர் காதுக்குள் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டு வைத்தியத்தில் ஜாக்கிரதை வேண்டும். கொண்டை ஊசி, தீக்குச்சி, காய்ச்சிய எண்ணெய் எதுவும் காதுக்குள் போகலாகாது. ‘பட்ஸ்’ என்ற பஞ்சுக் குச்சியும் குறும்பியை எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதே அதிகம். பிளாஸ்டிக் குச்சி வைத்த பட்ஸை 2022 ஜூலை 1 முதல் நம் சர்க்கார் தடுத்திருக்கிறது. குப்பையைக் குறைப்பதற்காகச் செய்த சட்டம். நம் காதுகளுக்கும் அதனால் க்ஷேமமே. செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் சொட்டு மருந்தும் நீரும் தாமாக விடக் கூடாது. வலி, சீழ், தலைசுற்றல் இருந்தால் தாமதிக்கலாகாது. ஒரு காது திடீரென்று கேளாமற் போனால் குறும்பிதான் என்று தாமே தீர்மானித்துவிடாமல், ஓரிரு நாளைக்குள் வைத்தியரிடம் போக வேண்டும். நரம்புக் கோளாறாக இருந்தால், சிகிச்சை தாமதப்படத் தாமதப்படக் காது திரும்புவது அரிது.

இவையெல்லாம் வைத்தியர் செய்ய வேண்டிய காரியங்கள். வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே. முகத்துக்கு எதிரே நின்று, கத்தாமல், நிதானமாக, மூன்றாம் முறையும் சொல்லுங்கள். வேடிக்கைப் பேச்சானாலும் சரி, கத்திரிக்காய் விலையானாலும் சரி. “ஒன்றுமில்லை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.