ஜெயிக்கப் போவது யாரென்று தெரிந்த ஓட்டப்பந்தயம்

ரொம்ப நாளாக எதையும் எழுதவில்லை. செமஸ்டர், இன்டர்னல், காஸ்ட் அக்கவுண்டிங் என்று காரணம் நிறைய இருக்கிறது, விடுங்கள். போன வாரம் ராத்திரி ஒரு மணிக்கு, படிக்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து, ஒரு வீடியோவில் மாட்டிக்கொண்டேன். மஞ்சள், நீலம், கறுப்பு என்று மூன்று நிறச் சட்டைக்காரர்கள், ஆளுக்கொரு பக்கமாகத் தோள் கொடுத்து, மூன்று பெரிய மரத் தூண்களைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் தலைதெறிக்க ஓடுகிறார்கள். முதலில் ஏதோ கலவரம் என்றுதான் நினைத்தேன் :-)

ஊர் பெயர் குப்பியோ. இத்தாலியின் நடுவில், உம்ப்ரியா மாநிலத்தில், இஞ்ஜினோ மலை அடிவாரத்தில் இருக்கும் சின்ன ஊர். புனித பிரான்சிஸ் ஒரு ஓநாயைச் சாந்தப்படுத்தினார் என்று கதை சொல்வார்களே, அந்த ஊர்தான். ஆனால் ஊரின் காவலர் அவர் இல்லை, உபால்தோ என்ற பிஷப். 1155இல் பார்பரோசா மன்னன் படையோடு வந்தபோது நேரே போய்ப் பேசி ஊரைக் காப்பாற்றினார் என்பார்கள். 1160 மே 16இல் இறந்தார். அவருடைய உடல் மலைமேல் இருக்கும் கோயிலில் கண்ணாடிப் பேழைக்குள் இன்னும் இருக்கிறது. அவர் நினைவு நாளுக்கு முந்தின நாள், அதாவது ஒவ்வொரு மே 15ஆம் தேதியும், இந்த ஓட்டம்.

தூண்களுக்குப் பெயர் 'சேரி'. மெழுகுவர்த்திகள் என்று அர்த்தம் (நம்ம ஊர் 'சேரி' இல்லை. ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததிலிருந்து எனக்கு வேறு யோசனை ஓட ஆரம்பித்துவிட்டது, அதற்குப் பிறகு வருகிறேன்). ஒரு காலத்தில் தொழில் சங்கங்கள் புனிதருக்கு நிஜ மெழுகுதான் காணிக்கையாகக் கொடுத்திருக்கின்றன, பிறகு அது மரமாகிவிட்டது என்கிறார்கள். இல்லை, கிறிஸ்தவத்துக்கு முந்தைய சடங்கு இது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அவர்கள் கையில் 1444இல் இந்த ஊரில் கிடைத்த ஏழு வெண்கலத் தகடுகள் இருக்கின்றன. சண்டை முடியவில்லை.

ஒவ்வொரு தூணும் நாலு மீட்டருக்கு மேல் உயரம். தாங்கும் சட்டம், உச்சியில் நிற்கும் சிலை எல்லாம் சேர்த்தால் முந்நூறு கிலோவுக்குக் கிட்ட வரும். காலையில் சதுக்கத்தில் படுக்க வைத்திருப்பார்கள். தலைவன் மேலே ஏறி, பீங்கான் குடத்திலிருந்து தண்ணீரைக் கொட்டி, குடத்தைக் கூட்டத்துக்குள் வீசுவான். அதே நொடியில் தூண் நிமிரும். குடம் உடைந்து சில்லு சில்லாகச் சிதறும், அதைப் பொறுக்க ஜனங்கள் அடித்துக்கொள்வார்கள். சில்லு வீட்டில் இருந்தால் அதிர்ஷ்டமாம். மத்தியானம் மீன் சாப்பாடு. சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்டம். நாலு கிலோமீட்டருக்கு மேல், அதில் கடைசிப் பாதி செங்குத்தான மலைப்பாதை. கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை, ஓட்டத்தை நிறுத்தாமலே தோள் மாற்றிக்கொள்கிறார்கள். அந்த ஒரு காட்சியை மட்டும் பத்து தடவையாவது திரும்பத் திரும்பப் பார்த்திருப்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதலில் வருவது எப்போதும் உபால்தோ, கொத்தனார்களின் தூண், மஞ்சள் சட்டை. இரண்டாவது எப்போதும் புனித ஜார்ஜியார், வியாபாரிகளின் தூண், நீலச் சட்டை (காமர்ஸ் படிக்கிற நமக்கு இதுதான்!). மூன்றாவது எப்போதும் அந்தோனியார். பதுவை அந்தோனியார் இல்லை, வனத்து அந்தோனியார். கழுதை ஓட்டுகிறவர்கள், விவசாயிகளின் தூண், கறுப்புச் சட்டை. யாரும் யாரையும் முந்தக் கூடாது. பல நூறு வருஷமாக இதே வரிசை. பரிசுத் தொகையும் கிடையாது. போட்டி என்றால் முடிவு தெரியாமல் இருக்க வேண்டும், லாபம் இருக்க வேண்டும் என்று மூன்று வருஷமாக மனப்பாடம் செய்கிறவனுக்கு இது எப்படி இருக்கும், சொல்லுங்கள்!

எனக்குக் கோபம்தான் வந்தது. காரணம் எங்கள் வீடு. அப்பா தன் சொந்த ஊர்த் தேருக்குப் போய் முப்பது வருஷமாகிறது. அங்கே யாருக்கு முதலில் பரிவட்டம், யார் எப்போது வடம் தொடலாம் என்று வரிசை உண்டு, எங்கள் தெரு கடைசி. ஒரு வருஷம் அப்பா வரிசை மாறி வடத்தைத் தொட்டுவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததை அவர் இன்றுவரை முழுசாகச் சொன்னதில்லை. அம்மா சொல்லித்தான் பாதி தெரியும். அதனால் வெள்ளைக்காரன் ஊரிலும் உழுகிறவன்தான் கடைசியா என்று தோன்றிவிட்டது.

கோபத்தோடு மேலும் பார்த்தேன், படித்தேன். கொஞ்சம் குழம்பினேன். முந்துவது பந்தயம் இல்லையாம். தூண் சாயாமல், விழாமல், முன்னால் போகிறவரை விட்டு விலகாமல் போவதுதான் பந்தயமாம். முன்னால் ஒரு தூண் தடுமாறினால் பின்னால் வருகிறவர்களும் நிற்க வேண்டும், அதே கனத்தைத் தோளில் வைத்துக்கொண்டு. மலைமேல் போனதும் மட்டும் ஒரு நிஜப் போட்டி உண்டு. உள்ளே நுழைந்த மஞ்சள் அணி கோயில் கதவைச் சாத்தப் பார்க்கும், நீலம் அதற்குள் நுழைந்துவிடப் பார்க்கும். கறுப்புச் சட்டைக்கும் இப்போது தொழிலோடு சம்பந்தம் இல்லை. விவசாயியே இல்லாத வீட்டிலும் தாத்தா, அப்பா, பிள்ளை என்று பரம்பரையாகக் கறுப்புச் சட்டைதான். அதைப் பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்கள்.

1917 மே 15இல் ஊர்ப் பையன்கள் போர்முனையில் இருந்தார்கள். ஆல்ப்ஸ் பக்கம் கோல் தி லானா என்ற மலை. கையில் கிடைத்ததை வைத்து மூன்று தூண் செய்து அங்கேயே ஓடியிருக்கிறார்கள். யாருக்கும் நாளை இருக்கிறதா என்று தெரியாத இடத்தில் அந்தோனியாரைத் தூக்கியவனும் மூன்றாவதாகத்தான் ஓடியிருப்பான். அவன் என்ன நினைத்திருப்பான்? 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் ஓட்டம் நடக்கவில்லை. 2022இல் மறுபடி தூண் நிமிர்ந்தபோது எடுத்த வீடியோவில் தாடி நரைத்த ஆட்கள் குலுங்கிக் குலுங்கி அழுகிறார்கள். பொய்யாக அப்படி அழ முடியாது.

ஆனாலும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை எனக்கு. பெருமையாகப் போட்டுக்கொண்டால் வரிசை சரியாகிவிடுமா? எங்கள் ஊரிலும் 'காலகாலமா இருக்கறதுதானே' என்றுதான் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேசாமல் முழுசாகப் பார்த்தார். முடிந்ததும், "கடைசில வர்றாங்களே, அவங்க யாரு?" என்றார்.

"விவசாயிங்கப்பா."

"அவங்களும் கோயிலுக்குள்ள போறாங்களா?"

"போறாங்கப்பா. தூணு மூணையும் வருஷம் பூரா அந்தக் கோயிலுக்குள்ளதான் வச்சிருப்பாங்க. பக்கத்துல பக்கத்துல."

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அந்தத் தோள் மாத்தற இடத்தை இன்னொரு தடவை போடு" என்றார்.