பிறந்த மண்ணின் பங்கு

ஆட்டம் எப்படியும் முடிந்துவிடும். ஆட்டத்தைப் பற்றிய சர்ச்சை மட்டும் முடிவதே இல்லை. அமெரிக்க ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் நெடுநாளாக விடாமல் நடத்தி வரும் சர்ச்சை ஒன்று உண்டு. "அமெரிக்காவில் பிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குள் தலைசிறந்தவர் யார்?" என்பது கேள்வி. பார்ப்பதற்குச் சாதாரணமான கேள்விதான். ஆனால் அதில் 'பிறந்த' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதுதான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது.

அந்தச் சொல் அங்கே வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1942 முதல் 1967 வரை நாஷனல் ஹாக்கி லீக்கில் இருந்தவை ஆறே அணிகள். அவற்றில் நான்கு, அமெரிக்க நகரங்களின் பெயரைத் தாங்கியவை: பாஸ்டன், நியூயார்க், சிகாகோ, டெட்ராய்ட். ஆனால் ஆடியவர்கள் பெரும்பாலும் கனடாக்காரர்கள். டிக்கெட் வாங்கிக் கைதட்டுவது அமெரிக்கர் வேலை. ஆடுவது கனடாக்காரர் வேலை. 1967-ல் அணிகள் ஆறிலிருந்து பன்னிரண்டாகப் பெருகிய பிறகுதான் உள்ளூர்ப் பையன்களுக்கு மெல்ல மெல்ல வழி பிறந்தது. ஆகவே, 'அமெரிக்காவில் பிறந்தவர்' என்பது முதலில் ஒரு சமாதானமாகவே சொல்லப்பட்டது. 'அங்கே பிறந்தும் இவ்வளவு நன்றாக ஆடுகிறாரே!' என்று பொருள். பிற்பாடு அதுவே பெருமையாகிவிட்டது.

சர்ச்சையில் கட்சி கட்டுகிறவர்கள் முன்னிறுத்தும் பெயர்கள் ஒவ்வொன்றும் கனமானவை. மிச்சிகனில் பிறந்த மைக் மோடானோ 2011-ல் ஓய்வு பெற்றபோது, 561 கோல்களும் 1,374 புள்ளிகளும் அவர் கணக்கில் இருந்தன. (இந்த ஆட்டத்தில் கோல் போட்டவருக்கு ஒரு புள்ளி, கோலுக்கு வழிசெய்து கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி.) அதுவரை அமெரிக்காவில் பிறந்த யாரும் அவ்வளவு சேர்த்ததில்லை. சிகாகோவில் பிறந்த கிறிஸ் செலியோஸ் 48 வயது வரை தற்காப்பு வரிசையில் நின்று 1,651 ஆட்டங்கள் ஆடியவர். பிரையன் லீட்ச் 1994-ல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் 54 ஆண்டுக் காத்திருப்பை முடித்து ஸ்டான்லி கோப்பையைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். பஃபலோ நகரத்துப் பாட்ரிக் கேன் மூன்று முறை அந்தக் கோப்பையை வென்றவர். 2016-ல் லீக்கிலேயே அதிகப் புள்ளிகளுக்கான பரிசையும், மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் பரிசையும் ஒருங்கே பெற்றவர்.

ஆட்டத் திறமை ஒன்றையே தராசில் வைத்தால், என் ஓட்டும் கேனுக்குத்தான். அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் கேள்வி திறமையோடு நிற்கவில்லையே. பிறப்பையும் இழுத்து வந்திருக்கிறது. இழுத்து வந்த பிறகு, அந்தப் பிறப்புக்கு இதில் என்ன பங்கு என்று விசாரிக்க வேண்டாமா?

விசாரித்தால் வேடிக்கையாக இருக்கிறது. பிரெட் ஹல் 741 கோல்கள் போட்டவர். சர்வதேசப் போட்டிகளில் அமெரிக்காவின் சட்டையைப் போட்டுக்கொண்டே ஆடியவர். ஆயினும் அவர் பிறந்தது கனடாவின் பெல்வில். எனவே அவருக்கு இந்தச் சர்ச்சையில் இடமில்லை. பில்லி பர்ச் என்பவர் 1925-லேயே ஹார்ட் பரிசு பெற்றவர். வளர்ந்ததும் ஆடக் கற்றதும் கனடாவில். பிறந்தது மட்டும் நியூயார்க் மாநிலத்து யாங்கர்ஸில். அவருக்கோ உள்ளே இடமுண்டு! லீட்ச் பிறந்த ஊர் டெக்ஸாஸில், வெப்பமான கடற்கரையில் இருக்கும் கார்பஸ் கிறிஸ்டி. வளர்ந்து ஆடப் பழகியது கனெக்டிகட்டில். அந்தக் கடற்கரை அவருக்குப் பிறப்புச் சான்றிதழைத் தவிர வேறென்ன கொடுத்தது?

பிறந்த மண் நிஜமாகவே கைகொடுத்த உதாரணமும் இல்லாமல் இல்லை. மினசோட்டாவில் எவ்லெத் என்று ஒரு சிற்றூர். இரும்புத் தாது வெட்டுகிற சுரங்கத் தொழிலாளர் ஊர். நீண்ட குளிர்காலமும் உறைந்த நீர்நிலைகளும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசம். அங்கே பிறந்த ஃபிராங்க் பிரிம்செக் 1938-ல் பாஸ்டன் அணியின் கோல் காவலராக வந்து, தம் முதல் பருவத்திலேயே பத்து ஆட்டங்களில் எதிரிக்கு ஒரு கோல்கூடக் கொடுக்கவில்லை. 'மிஸ்டர் ஸீரோ' என்று பட்டம் சூட்டினார்கள். கோப்பையும் அந்தப் பருவத்திலேயே வந்தது. இவரைப் பெற்றதற்காக எவ்லெத் மார்தட்டிக் கொண்டால் நியாயம் என்பேன்.

ஆனால் பனி கொடுத்த மண்ணைவிட, பனியே கொடுக்காத மண்ணிலிருந்து கிளம்பிய ஒருவர்மீதுதான் என் மனம் போய் நிற்கிறது. அவர் பெயர் ஜோ மல்லன். தமிழ்க் காதுக்கு ஏதோ மற்போர் வீரர் பெயர்போல ஒலிக்கும். ஆள் என்னவோ ஐந்தடி ஒன்பது அங்குலந்தான். நியூயார்க் நகரில் 'ஹெல்ஸ் கிச்சன்' என்ற பேட்டையில் பிறந்தவர். 'நரகத்தின் அடுக்களை' என்று பெயர் வைத்த இடத்தில் பனிக்கட்டியை எங்கே தேடுவது? தார் ரோட்டில், காலில் உருளைச் சக்கரங்களை மாட்டிக்கொண்டு ஆடிப் பழகினார். அவருடைய தந்தைக்கு மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தில் வேலை. அங்கே பெரிய ஆட்டக்காரர்கள் ஆடி ஒதுக்கிய மட்டைகள் வீட்டுக்கு வரும். அவைதாம் பிள்ளைகளின் சொத்து.

லீக்கின் அணிகள் ஆண்டுதோறும் இளம் ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்தபோது மல்லனை யாரும் எடுக்கவில்லை. 1980 ஒலிம்பிக்குக்கான அமெரிக்க அணியில் சேரும் வாய்ப்பு வந்தது. தந்தையோ நோயாளி, குடும்பத்துக்குப் பணம் வேண்டும். ஆகவே 1979-ல் செயின்ட் லூயிஸ் அணியோடு சம்பளத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். அடுத்த பிப்ரவரியில் லேக் பிளாசிடில் அந்த ஒலிம்பிக் அணி சோவியத் அணியை வீழ்த்தித் தங்கம் வென்று, தேசமே கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டத்தில் மல்லன் இல்லை. அவர் எங்கோ கீழ்த்தட்டு லீக் ஒன்றில் பிழைப்புக்காக ஆடிக்கொண்டிருந்தார்.

பிறகு என்ன ஆயிற்று? மூன்று ஸ்டான்லி கோப்பைகள்: 1989-ல் கல்கரியோடு ஒன்று, 1991, 1992-ல் பிட்ஸ்பர்க்கோடு இரண்டு. 1995-ல் ஆயிரம் புள்ளிகளும், 1997-ல் ஐந்நூறு கோல்களும். இரண்டையும் எட்டிய முதல் அமெரிக்கர் அவர்தான். 502 கோல்களோடு அவர் நிறுத்திய கணக்கை மோடானோ 2007-ல்தான் தாண்டினார்.

"ஏழ்மைக்கு இரங்கி மார்க் போடுகிறீர்" என்று ஒருவர் குறுக்கிடலாம். அப்படியல்ல. எதிரே நிற்கும் கோல் காவலர், 'நீ தார் ரோட்டில் பழகியவனா?' என்று கேட்டு இரங்கி வழிவிடுவதில்லை. அந்த 502-ல் ஒன்றுகூட அனுதாபத்தில் விழுந்ததல்ல. கேள்வியிலுள்ள சொற்களுக்கு முழுப் பொருள் தேடினேன், அவ்வளவுதான். 'தொழில்முறை' என்பது ஒரு சொல். வீட்டுக்குச் சோறு போட வேண்டும் என்பதற்காகத் தேசத்தின் தங்கப் பதக்கத்தையே விட்டுக்கொடுத்தவரிடம் அது உயிரோடு நிற்கிறது. 'பிறந்த' என்பது மற்றொன்று. எந்தத் தெருவில் பிறந்தாரோ அந்தத் தெருவையே ஆடுகளமாக ஆக்கிக்கொண்டவரிடம்தான் அதற்கும் அர்த்தம் இருக்கிறது.

இதனால் சர்ச்சை ஓய்ந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. கலிபோர்னியாவில் பிறந்து அரிசோனாப் பாலைவனத்தில் வளர்ந்த ஆஸ்டன் மாத்யூஸ் 2023-24 பருவத்தில் 69 கோல்கள் போட்டு வியக்க வைத்தார். பாலைவனத்தில் அவருக்குப் பனி கிடைத்தது இயந்திரத்தின் உபயம். 1996-ல் ஃபீனிக்ஸ் நகருக்கு ஒரு லீக் அணி குடிபெயர்ந்து வந்ததால் பிறந்த ஆசை. இனி வருகிறவர்கள் எங்கெங்கோ பிறப்பார்கள். இன்னும் பெரிய எண்களைக் காட்டுவார்கள். காட்டட்டும். 'எங்கள் மண்ணில் பிறந்தவர்' என்று அவரைத் தோளில் தூக்கும்போது மட்டும், அந்த மண் அவருக்கு என்ன செய்தது என்பதையும் ஊரார் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஹெல்ஸ் கிச்சனைப் பொறுத்தவரை பதில் சுருக்கமானது: ஒரு தார் ரோடு, ஒரு தந்தை, சில பழைய மட்டைகள்.