பட்டம் வாங்கியதும் போய்விடுவார்கள்

பிள்ளைகளை வளர்த்து வெளியூருக்கு அனுப்பிவிட்டு, வீடு வெறிச்சோடிவிட்டது என்று புலம்புகிற என் வயதுக்காரர்களிடம் நான் அயர்லாந்துக் கால்பந்து கிளப் ஒன்றைப் பற்றிச் சொல்வதுண்டு. யுனிவர்சிட்டி காலேஜ் டப்ளினின் அணி. யூசிடி என்பார்கள். ஆட்டக்காரர்களில் பெரும்பாலானவர்கள் மாணவர்கள்.

1895-இல் மருத்துவ மாணவர்கள் தொடங்கியது. 1979-இல்தான் அயர்லாந்து லீக்கில் இடம் கிடைத்தது. டாக்டர் டோனி ஓ'நீல் என்பவர் முன்நின்று, நன்றாக ஆடும் பையன்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் படிக்கவைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். பந்தை நம்பிப் படிப்பைத் தொலைக்கும் பிள்ளைகள் எந்த நாட்டில்தான் இல்லை?

1984-இல் அயர்லாந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரே அந்த ஆண்டின் லீக் சாம்பியன் ஷாம்ராக் ரோவர்ஸ். முதல் ஆட்டம் கோலின்றி முடிய, மறு ஆட்டத்தில் 2-1 என்று மாணவர்கள் ஜெயித்தார்கள். அதனால் ஐரோப்பியப் போட்டியில் எவர்டனோடு மோத வேண்டி வந்தது. டப்ளினில் 0-0. எவர்டனின் மைதானத்தில் 0-1. அங்கே ஒரே ஒரு கோல் போட்டிருந்தால், மொத்தக் கோல் சமமானால் வெளிமைதானத்தில் போட்ட கோலுக்கே முன்னுரிமை என்ற அன்றைய விதிப்படி எவர்டன் வெளியேறியிருக்கும். அந்த எவர்டன்தான் அந்த ஐரோப்பியக் கோப்பையையும் இங்கிலாந்து லீக்கையும் சேர்த்து வென்றது.

பிறகு ஏற்றமும் இறக்கமும்தான். 2014-இல் இரண்டாம் நிலைக்கு இறங்கினார்கள். மறு வருஷமே, நல்லொழுக்கத்தோடு ஆடியதற்காகக் கிடைத்த இடத்தில் ஐரோப்பா லீக்குக்குப் போய், லக்ஸம்பர்க்கின் டூடலாஞ்சை வெளியேற்றினார்கள். ஒழுங்காக ஆடியதற்கு இப்படியும் பலன் உண்டு என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். 2018-இல் பட்டம் வென்று மேலே போனார்கள். 2019-இல் பாதி சீசனிலேயே நல்ல ஆட்டக்காரர்கள் சிலரைப் பெரிய கிளப்புகள் கொண்டுபோயின, கடைசி இடம். 2021-இல் ஏறி, 2023-இல் மறுபடி கீழே.

இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டேன். படிப்பு முடிந்தால் பையன் போவான், நன்றாக ஆடினால் அதற்கு முன்பே போவான் என்று தெரிந்தே நடத்துகிற கிளப் அது. வருகிறவனுக்கு மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். தோல்வியைத் தத்துவம் பேசிப் பூசி மெழுகவும் கூடாது. வாராவாரம் தோற்பது இருபது வயதுப் பையனுக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் எதற்காக நடத்துகிறோம் என்பதில் குழப்பமில்லாதவர்கள், லீக் அட்டவணையைப் பார்த்துக் கடையை மூடுவதில்லை. பெற்றவர்களுக்கும் வாத்தியார்களுக்கும் இந்தத் தெளிவு வேண்டும். நம்மை விட்டுப் போக முடிகிற அளவுக்குப் பிள்ளை தேறிவிட்டான் என்றால், நாம் செய்த வேலை பலித்திருக்கிறது.

உங்கள் வீட்டுப் பையனை விளையாட்டுப் பயிற்சியில் சேர்க்கப் போகிறீர்களா? எத்தனை கோப்பை என்று அலமாரியைப் பார்ப்பதோடு நிற்காமல், இங்கே ஆடிய பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள்.