பத்து மணி ஊசி

நெல்லைப் பக்கத்தில் ஓர் அரசு மருத்துவமனை, குழந்தைகள் வார்டு. தங்கை மகனுக்குக் காய்ச்சல். அவள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரும்வரை கட்டிலோரம் நான் காவல். பையன் தூங்கிக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

பத்து மணிக்கு ஊசித் தள்ளுவண்டி கடகடவென்று வந்தது. தள்ளி வந்த சிஸ்டருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. இடது முழங்காலில் வலி போலிருக்கிறது, ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். அடுத்த ஒரு மணி நேரம் அந்த முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் கட்டிலில் ஒன்பது மாதப் பெண் குழந்தை. அம்மா மடியில் இருந்தது, நெஞ்சில் சளி. சிஸ்டர் குழந்தையின் பக்கமே திரும்பவில்லை. பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தபடி குனிந்தார். நான்கு மாதத்தில் யார் தூக்கினாலும் சிரித்த பிள்ளை, எட்டு மாதம் தாண்டினால் ஆள் பார்த்து அழும். வீட்டு முகத்தையும் வேற்று முகத்தையும் பிரித்தறியும் புத்தி வந்துவிட்டது என்று பொருள். அந்த வயதுக்கு வேற்று முகமே ஓர் ஊசிதான்.

சட்டையை லேசாகத் தூக்கி வயிற்றையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த வயதில் மூச்சு வயிற்றில்தான் தெரியும். சீராகவும் ஓடாது. அதனால் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கும் வேலை இல்லை, முழு நிமிடமும் எண்ண வேண்டும். இந்த வயதுக்கு 50ஐத் தொட்டால் வேக மூச்சு. “நாப்பத்தாறு” என்று தனக்குள் சொல்லி எழுதினார். ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி நெஞ்சில் வைத்தார். தொண்டையைப் பார்ப்பது மட்டும் பாக்கி. “அதத் தொட்டா கச்சேரி ஆரம்பிச்சிரும். கடைசில பாத்துக்கிடுவோம்.”

“பொறக்கையில ரெண்டே முக்கால் கிலோ தாயி. இப்போ ஏழே கால்தான். பக்கத்து வீட்டுப் பிள்ள எம்புட்டுப் புசுபுசுன்னு இருக்கு!”

“அஞ்சு மாசத்துல ரெண்டு மடங்கு, வருசம் முடிய மூணு மடங்கு. அதான் ஆச்சி கணக்கு. பக்கத்து வீட்டுக் கணக்கெல்லாம் சேராது.”

ஆச்சி விரல் மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது இரண்டு வயதுக்காரி. கையில் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் குழாய், அது அசையாமலிருக்க அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டிய ஒரு துண்டு வைத்துக் கட்டியிருந்தார்கள். மற்றக் கைக்குள் அம்மாவின் முந்தானை. சிஸ்டர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, “அம்மாடி” என்ற முனகலோடு குத்தவைத்து உட்கார்ந்தார். இப்போது பிள்ளை மேலே, சிஸ்டர் கீழே. ஊசி போடவா என்று கேட்கவில்லை. கேட்டால் ‘மாட்டேன்’ என்றுதான் பதில் வரும். “அம்மா மடில இருந்து போடவா, கட்டில்ல இருந்து போடவா?” குழந்தை யோசித்தது. மடி என்றது. மருந்து ஏறும்போது அழத்தான் செய்தது. ஆனால் இடம் அது சொன்ன இடம்.

“வீட்ல ஒண்ணுக்கு வந்தா சொல்லிருவா சிஸ்டர். இங்க வந்ததுலேந்து பாயெல்லாம் நனைக்கா.”

“ஏசாதீங்க. மேலுக்கு முடியலன்னா பிள்ளைங்க ஒரு படி எறங்கிக்கிடும். வீட்டுக்குப் போனா தானா ஏறிரும்.”

முந்தானை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்து மருத்துவமனைகளில் ஒரு காலத்தில் பெற்றவர்கள் குறித்த நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும். எட்டு நாள் அப்படிப் படுத்திருந்த இரண்டு வயதுச் சிறுமியை ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் படம் பிடித்து 1952இல் காட்டினார். டாக்டர்களே கோபித்துக்கொண்டார்கள். 1959இல், மருத்துவமனைக் குழந்தைகளின் நலன் குறித்த பிளாட் அறிக்கை வந்த பிறகுதான் கதவு மெல்லத் திறந்தது. நம் வார்டில் அம்மா கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறாள். கொள்கையால் அல்ல, ஆள் பற்றாக்குறையால் என்பார்கள். இருக்கட்டுமே. முந்தானை கைக்குள் இருந்தது.

ஐந்து வயதுப் பையன் ஊசியைக் கண்டதும் கேட்டான், “ஐஸ் தின்னதுக்கா?” அந்த வயதில் நோய் என்பது செய்த தப்புக்கு விழும் அடி. சிஸ்டர் ஒரு முழங்காலை மட்டும் மடக்கி அவன் கண்ணுக்கு நேராக வந்தார். “ஐஸுக்கு ஊசின்னா எனக்குத் தெனமும்லா போடணும்?” சுவரில் ஆறு முகங்கள் வரைந்த அட்டை. சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும். 1980களில் அமெரிக்காவின் டல்சா நகரில் டோனா வாங், கோனி பேக்கர் என்ற இருவர், வலியை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளைகளுக்காக உண்டாக்கியது. எவ்வளவு வலிக்கிறது, தொட்டுக் காட்டு என்றார் சிஸ்டர். அவன் சிரிக்கிற முகத்தைத் தொட்டான். “இதான் நல்லாருக்கு.” சிஸ்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை. அவன் புருவத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தார்.

ஒன்பது வயதுக்காரனிடம் நின்றபடியே பேசினார். டெங்கு, டிரிப் ஓடுகிறது. கேள்வி மேல் கேள்வி கேட்டான். “இந்த டியூப்ல 60 சொட்டு ஒரு மில்லி. நிமிசத்துக்கு எத்தன சொட்டோ, மணிக்கு அத்தன மில்லி. எண்ணு பாப்போம்.” உதடு அசைய எண்ணி 40 என்றான். பாட்டிலில் 300 மீதி. கணக்குப் போட்டவன் முகம் விழுந்தது. “ஏழரையா சிஸ்டர்?” எதிர்க்கட்டில் தாத்தா ஒருவர் வெடித்துச் சிரித்தார். பையனுக்குக் காரணம் புரியவில்லை. ஆனாலும் அடுத்த நிமிடமும் எண்ணத் தொடங்கிவிட்டான்.

கடைசிக் கட்டில் ஜன்னலோரம். பன்னிரண்டு வயதுப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சிஸ்டர் முதலில் அவள் அப்பாவை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். பிறகு சக்கரம் வைத்த துணி மறைப்பை இழுத்துவிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பேச்சு கேட்கவில்லை. இத்தனை நேரம் வார்டு முழுவதும் கேட்ட குரல், அங்கே இரண்டு கட்டில் தள்ளிக்கூட வரவில்லை.

தங்கை வருகிறாளா என்று வாசலைப் பார்க்கத் திரும்பியபோது, துணிக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி கண்ணில் பட்டது. நான்கு கால்கள், கட்டில் விளிம்பில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டில் கொலுசு. மற்ற இரண்டும் செருப்பைத் தரையில் விட்டுவிட்டு மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.